உடன் வரும் செயலிகளை மாற்றினால் கணினி பழுதாகுமா?

லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்துடன் வரும் செயலிகளையே புதியவர்கள் பயன்படுத்த வேண்டும் என்றும், வேறொன்றை நிறுவினால் இயங்குதளமே பழுதாகும் என்றும் நண்பர் ஒருவர் எழுதியிருப்பதைப் பலர் பகிர்ந்துள்ளனர். முதல் பாதி நல்ல ஆலோசனைதான். தொடக்கத்தில் நானும் அதையே சொல்வேன். பின்பாதி சரியன்று.

உடன் வருபவை மின்டை உருவாக்கியவர்களின் தேர்வு; கட்டாயம் அல்ல. மென்பொருள் மேலாளர் வழியாக வேறொன்றை நிறுவினால் பழையதும் அப்படியே இருக்கும். திருவையாற்றில் என் சித்தப்பாவின் கணினியில் செல்லுலாய்டு என்ற காணொளிச் செயலி உடன் வந்தது. ஆராதனைக் காணொளிகளுக்காக அவர் வி.எல்.சி. என்ற இன்னொரு காணொளிச் செயலியையும் நிறுவிக்கொண்டார். கோப்பின் மீது வலப்பக்கம் சொடுக்கினால் இரண்டும் பட்டியலில் அருகருகே நிற்கின்றன.

என் சொல்லை நம்ப வேண்டியதில்லை. மின்டைப் பென்டிரைவிலிருந்து தொடங்கி, கணினியில் நிறுவாமலேயே, அந்த அமர்வில் வி.எல்.சி.யைச் சேர்த்துப் பாருங்கள். வன்தட்டில் எதுவும் மாறாது. உண்மையில் கவனம் தேவைப்படுவது சேர்ப்பதில் அல்ல, நீக்குவதில்தான்; ஒன்றுடன் வேறு சிலவும் நீங்கிவிடலாம். அதற்கும் வழியுண்டு: முனையத்தில் (கட்டளைகளைத் தட்டச்சிடும் சாளரத்தில்), மென்பொருள்களை நிறுவவும் நீக்கவும் உதவும் ‘ஆப்ட்’ கருவியின் நீக்கக் கட்டளையுடன் ‘சிமுலேட்’ விருப்பத்தைச் சேர்த்தால், எதையும் தொடாமல், எவையெவை நீங்கும் என்ற பட்டியலை மட்டும் காட்டும்.