மேசை டிராயரில் கிடந்த டாக்டர்

போன வாரம் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் கடைசி வருசம் படிக்கிற பொண்ணு ஒருத்தி போன் பண்ணினாள். ஏதோ விண்ணப்பத்தில் "உங்கள் தொழிலில் உங்களுக்கு ஆதர்சம் யார், ஏன்?" என்று ஒரு கேள்வியாம். "நீங்களா இருந்தா யாரை எழுதுவீங்கக்கா?" என்றாள். யோசிக்கவே இல்லை, ஜேம்ஸ் ஹெரியட் என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அவரு கதை எழுதுனவருங்களேக்கா. நீங்க யாராவது விஞ்ஞானியைச் சொல்லுவீங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

ஆஸ்பத்திரி வாசலில் மூன்று மாடு நின்றதால் அவளுக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

ஹெரியட் என்பது புனைபெயர். சொந்தப் பெயர் ஜேம்ஸ் ஆல்ஃபிரட் வைட். 1916-இல் இங்கிலாந்தின் சண்டர்லாந்தில் பிறந்து, கிளாஸ்கோவில் வளர்ந்து, அங்கேயே கால்நடை மருத்துவம் படித்து 1939-இல் தேறியவர். 1940-இல் யார்க்ஷயரில் திர்ஸ்க் என்கிற சின்ன ஊருக்கு மாடு பார்க்க வந்தவர், போர்க்காலத்தில் விமானப்படைக்குப் போய் வந்த இடைவெளி தவிர, அங்கேயேதான் தொழில் செய்தார். 50 வயதில்தான் எழுத உட்கார்ந்தார். முதல் புத்தகம் 1970-இல் வந்தது. மருத்துவர்கள் தங்களை விளம்பரப்படுத்திக்கொள்ளக் கூடாது என்று தொழில் விதி இருந்ததால் சொந்தப் பெயரில் எழுத முடியவில்லை. டிவியில் பார்த்த ஒரு கால்பந்து கோல்கீப்பரின் பெயரை எடுத்துக்கொண்டார். புத்தகங்கள் உலகம் முழுக்க விற்று, டிவி தொடராக வந்து பேர் வாங்கிய பிறகும் ரப்பர் பூட்ஸைக் கழற்றவில்லை. 1995-இல் காலமானார்.

இதெல்லாம் தேடினால் யாருக்கும் கிடைக்கும். எனக்கு அவர் எப்படிக் கிடைத்தார் என்பதற்கு நான் ஒரு மாட்டைச் சாகவிட்ட கதையைச் சொல்ல வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருசம். காங்கேயத்துக்குத் தெற்கே ஒரு மாட்டாஸ்பத்திரி. நான் கோயமுத்தூர் டவுனில் வளர்ந்தவள். ஒரு அம்மா, வீட்டுக்காரர் இல்லை, ஒரே ஒரு ஜெர்சி கலப்பு மாடு. சொசைட்டிக்கு ஊற்றுகிற பாலில்தான் குடும்பம் ஓடுகிறது. "தீனி எடுக்க மாட்டீங்குதுங்க" என்று கூப்பிட்டார்கள். வயிறு மந்தம் என்று நினைத்து மூன்று நாள் அதற்கே மருந்து கொடுத்தேன். மாடு முதுகைக் கூனிக்கொண்டு நின்றது. முன்னங்கால் முட்டியை வெளியே தள்ளி வைத்திருந்தது. பள்ளத்தில் இறங்க மறுத்து முனகியது. எல்லாவற்றையும் பார்த்தேன், ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கவில்லை. நாலாம் நாள் நெஞ்சுத் தொங்கலில் வீக்கம் வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. ஆறாம் நாள் மாடு போய்விட்டது.

அறுத்துப் பார்த்தபோது விரல் நீளத்துக்கு ஒரு கம்பி. மாடு தீனியை மென்று பிரித்துத் தின்னாது, நாக்கால் வளைத்து அப்படியே விழுங்கிவிடும். கனமான பொருள் இரண்டாம் வயிற்றில் போய்த் தங்கும். அந்த வயிறு சுருங்கச் சுருங்கக் கம்பி முன்னால் குத்திக்கொண்டே போகும். முன்னால் ஒரு சவ்வு, அதைத் தாண்டினால் இதயம். பாடத்தில் படித்ததுதான். பரீட்சையில் ஐந்து மதிப்பெண்ணுக்கு முழுசாக எழுதியிருக்கிறேன்.

அந்த அம்மா திட்டவில்லை. கம்பியைக் கையில் வாங்கிக் கழுவிப் பார்த்தார்கள். "எங்கூட்டு வேலியில கட்டுன கம்பிதானுங்க" என்று சொல்லி முந்தானையில் முடிந்துகொண்டு கட்டுத்தரைப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார்கள்.

அதற்கப்புறம் ரெண்டு வாரம் வேலையை விட்டுவிடலாம் என்றே இருந்தேன். ராஜினாமா எழுத வெள்ளைத்தாள் தேடித்தான் மேசையின் கீழ் டிராயரை இழுத்தேன். எனக்கு முன்னால் இருந்த டாக்டர் விட்டுப்போன பழைய தடுப்பூசிப் பதிவேடுகளுக்கு அடியில், அட்டை கிழிந்த ஒரு இங்கிலீஷ் புத்தகம் கிடந்தது. ஹெரியட்டின் முதல் புத்தகம்.

முதல் அத்தியாயமே ஒரு பிரசவம். புதிதாக வந்த இளம் டாக்டர், ராத்திரி நேரம், இடுப்புக்கு மேலே துணியில்லாமல் சில்லிட்ட கல் தரையில் குப்புறப் படுத்து மாட்டுக்குள் கையை விட்டுக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் பண்ணைக்காரரின் மாமா ஒருவர் உட்கார்ந்துகொண்டு, வேறொரு டாக்டரின் கெட்டிக்காரத்தனத்தை வாய் ஓயாமல் புகழ்கிறார். கை மரத்துப் போகிறது, படித்ததில் எதுவும் உதவவில்லை. கடைசியில் கன்று உயிரோடு வெளியே வருகிறது. பண்ணைக்காரர் "குடிக்க ஏதாவது" என்கிறார். டாக்டர் தனக்குத்தான் என்று நினைத்துச் சந்தோசப்படுகிறார். அவர் கேட்டது மாட்டுக்கு.

அன்றைக்கு ராத்திரி வெடிய வெடிய அந்தப் புத்தகத்தைப் படித்தேன். தனியாகப் போன முதல் கேஸிலேயே விலை உயர்ந்த ஒரு குதிரையைக் கொல்ல வேண்டியிருந்ததை எழுதியிருக்கிறார். குடல் முறுக்கிக்கொண்டு துடிக்கிற குதிரை, பிழைக்காது. ஆனால் அந்த முடிவை எடுக்கிறவர் நேற்று வந்த பையன், எதிரே குதிரை லாயத்தையே கட்டி ஆள்கிற முரட்டு மனிதர். நோயை எப்படிக் கண்டுபிடிப்பது என்று எங்கள் பாடப்புத்தகத்தில் பக்கம் பக்கமாக இருக்கிறது. கண்டுபிடித்ததை அந்த மனிதரின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது, தப்பாகிவிட்டால் அடுத்த நாள் அதே தெரு வழியாக எப்படி வண்டி ஓட்டிப் போவது என்பதற்கு ஒரு பக்கமும் இல்லை. அதை எனக்கு முதன்முதலாகச் சொன்னவர் இவர்.

விஞ்ஞானிகள் மேல் எனக்கு மரியாதை குறைவில்லை. கோமாரித் தடுப்பூசியைக் கண்டுபிடித்தவர்கள் இல்லையென்றால் எங்கள் பக்கம் எத்தனை கட்டுத்தரை காலியாகியிருக்கும். எங்கள் பேராசிரியர்கள் பலரை இன்றைக்கும் கும்பிடுகிறேன். ஆனால் அவர்கள் செய்து முடித்ததுதான் எனக்குத் தெரியும், செய்ய முடியாமல் நின்ற நேரம் தெரியாது. விருது மேடையில் அதை யாரும் சொல்வதில்லை. எழுதுகிறவன்தான் அந்த நேரத்தை விட்டுவைத்துப் போகிறான், அதுவும் நேர்மையாக எழுதினால் மட்டும். தன் பெருமையைப் பாடுவதற்காகவே அனுபவம் எழுதுகிற டாக்டர்களும் உண்டு. அவர்களை நான் இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

புத்தகம் படித்து ரெண்டு மாதம் இருக்கும். ராத்திரி ஒன்றரை மணிக்கு மூலனூர் ரோட்டிலிருந்து போன். கிளுவை வேலிக்கு நடுவே படலைத் திறந்து, வெள்வேல மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு, மாடு மேய்கிற கொரங்காட்டுக்குள் டார்ச் அடித்துக்கொண்டு நடந்தோம். தலையீத்துக் கிடாரி, அதாவது முதல் கன்று போடுகிற மாடு, கலப்பு இனம். (காங்கேயம் மாடுகளுக்கு இதற்கெல்லாம் பெரும்பாலும் என்னைக் கூப்பிட வேண்டியிருக்காது. விடிகாலையில் போய்ப் பார்த்தால் செவலையாய் ஒரு கன்று தாய் பக்கத்தில் நிற்கும்.) தண்ணிக்குடம் உடைந்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. முன்னங்கால் ரெண்டும் வெளியே தெரிகிறது, தலையைக் காணோம். கையை விட்டுப் பார்த்தேன், தலை விலாப் பக்கமாய்ப் பின்னால் திரும்பிக் கிடந்தது.

கயித்துக் கட்டிலில் ஒரு அப்புச்சி, வயசான தாத்தா. "பழைய டாக்டரு இருந்தா இந்நேரம் இழுத்துப் போட்டிருப்பாரு. பொட்டப்புள்ளயால ஆகுமுங்களா?"

அதைக் கேட்டதும் எனக்குக் கோபம் வரவில்லை. இந்த ஆளை எனக்கு ஏற்கெனவே தெரியுமே என்றுதான் தோன்றியது. யார்க்ஷயரில் பைப் பிடித்துக்கொண்டிருந்தவர் இங்கே வெத்தலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அறுபது எழுபது வருசத்துக்கு முன்னால், என்னைப் போலவே ஒருத்தர் தரையில் படுத்துக்கொண்டு இதே பேச்சைக் கேட்டிருக்கிறார். நான் சோப்புத் தண்ணியைத் தேய்த்துக்கொண்டு திரும்பவும் படுத்தேன். கன்றைப் பிடித்து இழுக்கக் கூடாது, முதலில் உள்ளே தள்ள வேண்டும், அப்போதுதான் தலையைத் திருப்ப இடம் கிடைக்கும். மாடு முக்குகிற ஒவ்வொரு தடவையும் கை இடுப்பெலும்புக்கு நடுவில் நசுங்கும். விரல்கள் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. அது விடுகிற கொஞ்ச நேரத்துக்குள் அடுத்த அங்குலம். கன்றின் தாடையில் விரல் மாட்டியது. காதுக்குப் பின்னாலே கயிற்றைப் போட்டு, வாய் வழியாக வளைத்து, மெல்லத் திருப்பினேன். சின்னக் கை என்பதால்தான் அங்கே போக முடிந்தது, அப்புச்சியும் அதைப் பிறகு ஒத்துக்கொண்டார்.

மூக்கில் வைக்கோலை விட்டுக் கிளறி, சாக்கால் தேய்க்கத் தேய்க்கக் கன்று தும்மியது. கருப்பட்டிக் காப்பி வந்தது. முதல் டம்ளர் எனக்கு. எங்கள் பக்கம் அந்த மரியாதையில் குறை வைக்க மாட்டார்கள்.

ஹெரியட்டிடம் எனக்குப் பிடித்த இன்னொன்று, மாட்டுக்காரர்களைப் பற்றி எழுதுகிற விதம். சிரிக்க வைப்பார், ஆனால் இளக்காரம் இருக்காது. ஊர்ப் பெயரை டாரோபி என்று மாற்றினார், ஆட்களின் பெயரையும் மாற்றினார். அடுத்த நாள் அவர்கள் வீட்டுக் கட்டுத்தரையில்தான் போய் நிற்கப் போகிறோம் என்று தெரிந்தவரின் எழுத்து அது. நானும் இந்தப் பக்கத்தில் எந்தத் தோட்டத்துக்காரர் பெயரையும் எழுதுவதில்லை, காரணம் இப்போது தெரிந்திருக்கும்.

"தமிழில் ஆளே இல்லையா?" என்று கமெண்டில் கேட்கப் போகிறீர்கள். நியாயமான கேள்வி. பெருமாள்முருகனின் 'பூனாச்சி'யில் ஒரு வெள்ளாட்டுக்குட்டிதான் நாயகி, 'கூளமாதாரி'யில் ஆடு மேய்க்கிற பிள்ளைகள். அவர் தொகுத்த 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி' ரொம்ப நாள் என் வண்டி டேஷ்போர்டிலேயே இருந்தது, டவுனில் வளர்ந்தவளுக்கு அது பெரிய உதவி. தாராபுரத்தில் பிறந்த தியடோர் பாஸ்கரன் அஞ்சல் துறையில் பெரிய பொறுப்பில் இருந்தவர், காட்டுயிர்களையும் நாட்டு நாய்களையும் பற்றி எழுதியவர். எல்லோரையும் மனசாரப் படிக்கிறேன். ஆனால் நான் படித்த தமிழ்க் கதைகளில் மாட்டு டாக்டர் வந்து ஊசி போட்டுவிட்டுப் போய்விடுகிறார். திரும்பிப் போகிற வழியில் அவர் மனசில் என்ன ஓடியது என்று கதை அவர் பின்னாலேயே போவதில்லை. என்னை ஆளாக்கியது அந்தத் திரும்பிப் போகிற வழிதான். அதனால்தான் எங்கோ குளிர் தேசத்து ஆம்பளை ஒருவர் எனக்கு ஆதர்சமானார். அவர் எழுதிய காலத்து யார்க்ஷயரில் பொம்பளை டாக்டர் யாரும் கட்டுத்தரைக்கு வந்ததாக நான் அந்தப் புத்தகங்களில் படிக்கவில்லை. அந்தக் குறை எனக்கும் உறுத்தும். உறுத்தினாலும் மாற்ற மனசில்லை.

தச்சுவேலை செய்கிறவர், தறி ஓட்டுகிறவர், வாத்தியார், நர்ஸ், யாராக இருந்தாலும் இதைத்தான் சொல்வேன். உங்கள் வேலையைச் செய்துகொண்டே அதைப் பற்றி நேர்மையாக எழுதிய ஒருத்தரைத் தேடுங்கள். அவர் தோற்றுப்போன பக்கங்கள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

புத்தகத்தை அந்தப் பொண்ணுக்குக் கூரியரில் அனுப்பினேன். நேற்று ராத்திரி பதினொரு மணிக்கு வாட்சப்பில் ஒரு கேள்வி.

"அக்கா, கையி மரத்துப் போயி வெரலு இருக்கறதே தெரியாதுன்னு எழுதியிருக்காரு. நெசமாலுமே அப்படித்தான் இருக்குமுங்களா?"

"வெள்ளகோயில் பக்கம் ஒரு கிடாரி இந்த வாரம் கன்னுப் போடும் போல இருக்குது. பஸ் ஏறி வா கண்ணு" என்று போட்டேன்.