ரோல்பிளே குரூப்பை வாட்ஸ்அப்பில் தொடங்காதீர்கள்

ஆளுக்கொரு பாத்திரமாகி, டைஸ் (பகடை) உருட்டி, சேர்ந்து கதை நடத்தும் ஆட்டம்தான் ரோல்பிளே. புதிதாக ஆன்லைன் ரோல்பிளே குரூப் தொடங்குகிறவர்கள் பலரும், ஏற்கெனவே எல்லார் போனிலும் இருக்கிறதே என்று வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஆட்டம் ஒரு மாலையோடு முடியாமல் மாதக்கணக்கில் ஓட வேண்டும் என்ற ஆசை இருந்தால், முதல் நாளே டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் ஒரு சர்வர் (உங்கள் குரூப்புக்கான தனி இடம்) திறந்துவிடுங்கள்.

எழுத்தில் ஆடும்போது மூன்று வகைப் பேச்சு ஒரே நேரத்தில் நடக்கும். பாத்திரங்கள் பேசிக்கொள்வது ஒன்று. "எனக்கு எத்தனை ஹெச்பி (உயிர்ப்புள்ளி) மிச்சம்?", "அடுத்து யார் டர்ன்?" என்று ஆடுகிறவர்கள் பேசிக்கொள்வது இன்னொன்று. மூன்றாவது டைஸ். வாட்ஸ்அப் குரூப்பில் இந்த மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும். பாழடைந்த கோட்டையின் வாசலை கேம் மாஸ்டர் (கதையை நடத்துகிறவர்) நாலு வரியில் வருணித்து முடிப்பதற்குள் "சாப்டுட்டு வரேன், பத்து நிமிஷம்" என்று ஒரு மெசேஜ் வந்துவிடும். அத்தோடு அந்தக் காட்சி கலைந்தது. அடுத்த வாரம் அந்த வாசலில் என்ன எழுதியிருந்தது என்று தேடினால், அரட்டைக்கு நடுவில் தோண்டித்தான் எடுக்க வேண்டும்.

டைஸ் இன்னும் பெரிய பிரச்சினை. ஒருவர் இருபது முக டைஸை (டி20) வீட்டில் உருட்டிவிட்டு "20 வந்துச்சு" என்று டைப் செய்தால் மற்றவர்கள் நம்பித்தான் ஆக வேண்டும். அவர் பொய் சொல்லாவிட்டாலும், மூன்றாவது முறை 20 வரும்போது ஒரு சந்தேகம் எட்டிப் பார்க்கும். அந்தச் சந்தேகம் நட்பையே கெடுக்கும். டெலிகிராமில் டைஸ் எமோஜி அனுப்பினால் எண்ணை டெலிகிராமே தீர்மானிக்கிறது, யாரும் மாற்ற முடியாது. ஆனால் அது 1 முதல் 6 வரைதான். டி20 வேண்டுமென்றால் அங்கேயும் பாட் (தானாக வேலை செய்யும் நிரல்) சேர்க்க வேண்டும்.

டிஸ்கார்டில் குறைந்தது நாலு சேனல் (சர்வருக்குள் தனித்தனி அரட்டை அறைகள்) போடுங்கள். காட்சிக்கு ஒன்று, அரட்டைக்கு ஒன்று, டைஸுக்கு ஒன்று, வரைபடமும் கேரக்டர் ஷீட் (பாத்திரத்தின் விவரத்தாள்) இணைப்புகளும் வைக்க ஒன்று. காட்சி சேனலில் பாத்திரப் பேச்சைத் தவிர வேறெதுவும் வரக்கூடாது என்ற விதியை முதல் செஷனிலேயே கறாராகச் சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள்.

ஒரே ஆள் பல பாத்திரங்களாகப் பேச டப்பர்பாக்ஸ் என்ற பாட் அருமையான துணை. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பெயர், படம், ஒரு முன்குறி கொடுத்துப் பதிய வேண்டும். அந்தக் குறியோடு நீங்கள் எழுதினால் பாட் உங்கள் மெசேஜை அழித்துவிட்டு, பாத்திரத்தின் பெயரிலும் படத்திலும் திரும்பப் போடும். கேம் மாஸ்டருக்கு இது வரப்பிரசாதம். சத்திரக்காரர், காவலாளி, சூனியக்காரி என்று வரிசையாகப் பேசினாலும் யார் பேசுகிறார் என்ற குழப்பமே இருக்காது. ஒவ்வொரு வரியும் இரண்டு தடவை தெரிகிறதென்றால், அந்த சேனலில் டப்பர்பாக்ஸுக்கு மெசேஜை அழிக்கும் அனுமதி இல்லை என்று அர்த்தம். மேனேஜ் மெசேஜஸ், மேனேஜ் வெப்ஹுக்ஸ் என்ற இரண்டு அனுமதிகளும் வேண்டும்.

டைஸுக்கு, டன்ஜன்ஸ் & டிராகன்ஸ் (டி&டி) ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பை ஆடுகிறவர்கள் அவ்ரே என்ற பாட்டைப் போடலாம். யார் டர்ன் என்ற வரிசையையும் அதுவே பார்த்துக்கொள்ளும். வேறு ஆட்டங்களுக்கு டைஸ் மெய்டன் என்ற பாட் போதும். எதைப் போட்டாலும் இரண்டாவதாக இன்னொரு டைஸ் பாட் சேர்த்து வையுங்கள். சண்டை உச்சத்தில் இருக்கும்போது பாட் ஆஃப்லைன் போவது நடக்கக்கூடியதுதான். இன்னொன்று: பழைய வழிகாட்டிகளில் இருக்கும் ஆச்சரியக்குறியில் (!) தொடங்கும் கட்டளைகள் பல இப்போது வேலை செய்யாது. 2022இல் டிஸ்கார்ட், மெசேஜைப் படிக்கும் உரிமையை பாட்களுக்குக் கட்டுப்படுத்தியது. அதன்பின் பெரும்பாலானவை சாய்கோட்டில் (/) தொடங்கும் கட்டளைக்கு மாறிவிட்டன.

ரகசியம் காப்பதில்தான் நிறையப் பேர் கோட்டைவிடுகிறார்கள். ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் கேம் மாஸ்டரோடு மட்டும் பேச ஒரு தனி சேனல் போடுவது நல்ல வழக்கம். சேனல் அமைப்பில் எல்லாருக்குமான 'வியூ சேனல்' அனுமதியை அணைத்துவிட்டு அந்த ஒருவரை மட்டும் சேர்த்தால் போதும். ஆனால் சர்வரின் உரிமையாளருக்கும், அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி உள்ளவர்களுக்கும் எந்தப் பூட்டும் கிடையாது. எல்லா சேனலும் திறந்தே தெரியும். ஆட்டக்காரர் ஒருவர் உதவியாக சர்வரைத் திறந்து கொடுத்தால், கதையில் ஒளிந்திருக்கும் துரோகி யார் என்பது அவருக்கு முதல் நாளே தெரிந்துவிடும். அதனால் சர்வர் கேம் மாஸ்டர் பெயரில்தான் இருக்க வேண்டும். வேறு யாருக்கும் அட்மினிஸ்ட்ரேட்டர் கொடுக்காதீர்கள்.

தமிழில் ஆடுகிறவர்கள் எழுத்து வரம்பையும் கவனிக்க வேண்டும். டிஸ்கார்டில் இலவசக் கணக்குக்கு ஒரு மெசேஜ் 2000 குறிகள். மெய்ப்புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனிக் குறிகள். 'தமிழ்' என்ற மூன்றெழுத்து அங்கே ஐந்தாகக் கணக்காகும். ஆங்கிலத்தில் அடங்குகிற நீளமான வருணனை தமிழில் முடிவதற்குள் வரம்பில் முட்டலாம், முன்கூட்டியே இரண்டாகப் பிரித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 1988இல் வந்த ஐஆர்சி என்ற பழைய அரட்டை முறையை இன்னும் விரும்புகிறவர்கள் உண்டு. இலகுவானது, விளம்பரமில்லாதது, மதிப்பு உண்டு. ஆனால் அதன் ஒரு வரிக்கு 512 பைட்தான், தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டில் 3 பைட். அனுப்புகிறவர் பெயர் போன்ற தலைப்புத் தகவல் போக வரிக்கு 150 குறிகூடத் தேறாது. தமிழ் ஆட்டத்துக்கு அது சரிப்படாது.

குரலில் ஆடுவதென்றால், மூன்று மணி நேர செஷனை ஜூமின் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் வெட்டிவிடும், கூகுள் மீட் மூன்று பேருக்கு மேல் 60 நிமிடத்தில். டிஸ்கார்ட் குரல் சேனலில் அந்த வரம்பு இல்லை. டேட்டாவும் பெரிதாகப் போகாது. இயல்பான 64 கேபிபிஎஸ் தரத்தில் ஒருவர் விடாமல் மூன்று மணி நேரம் பேசினாலும் சுமார் 86 எம்பிதான். வீடியோவை அணைத்தே வையுங்கள். கேம் மாஸ்டர் பின்னணி இசையை மைக் வழியாகப் போட்டால், டிஸ்கார்டின் இரைச்சல் நீக்கும் வசதி அதையும் இரைச்சல் என்று நினைத்து விழுங்கிவிடும். ப்ளூடூத் ஹெட்செட்டில் மைக்கைத் திறந்ததும் ஒலி தகரமாவதற்குக் காரணம், அது போன் அழைப்புத் தரத்துக்கு இறங்கிவிடுவதுதான். வயர் ஹெட்செட்டே போதும்.

டிஸ்கார்டின் பெரிய குறையையும் மறைக்க விரும்பவில்லை. சேனல் உரையாடலை முழுதாக இறக்கிக்கொள்ள உள்ளேயே எந்த வசதியும் இல்லை. வாட்ஸ்அப்பிலும் டெலிகிராம் டெஸ்க்டாப்பிலும்கூட எக்ஸ்போர்ட் இருக்கிறது. இங்கே நீங்களே ஒரு பாட் உருவாக்கி, அதன் டோக்கனை (உள்நுழையும் ரகசியச் சாவி) கொடுத்து டிஸ்கார்ட் சாட் எக்ஸ்போர்ட்டர் என்ற மென்பொருளை ஓட்ட வேண்டும். சொந்தக் கணக்கின் டோக்கனைக் கொடுக்காதீர்கள், அது விதிமீறல், கணக்கே போகலாம். டிஸ்கார்டில் ஏற்றிய வரைபடத்தின் இணைப்பை நகலெடுத்து கேரக்டர் ஷீட்டில் ஒட்டுவதும் பயனில்லை. வெளியே ஒட்டிய இணைப்பு ஒரு நாளில் காலாவதியாகிவிடும். படத்தை கூகுள் டிரைவில் வையுங்கள்.

இந்தச் சிரமத்தைப் பட்டுத்தான் ஆக வேண்டும். கூகுள் பிளஸ் என்ற சமூக வலைத்தளத்தில் மேசை ரோல்பிளே ஆடுகிறவர்களின் பெரிய வட்டம் இருந்தது. 2019 ஏப்ரலில் அது மூடப்பட்டபோது எடுத்து வைக்காத பதிவுகள் போனது போனதுதான். ஸ்கைப் 2025 மே மாதம் மூடியது. மாதம் ஒருமுறை எக்ஸ்போர்ட் எடுத்து, கேம் மாஸ்டர் தவிர இன்னொருவரிடமும் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள். தனியுரிமை முக்கியம் என்று மேட்ரிக்ஸ் என்ற மறையாக்க அரட்டை முறையின் பக்கம் போகிறவர்கள் ரெக்கவரி கீயையும் (பழைய மெசேஜ்களைத் திறக்கும் சாவி) எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். போனும் கீயும் சேர்ந்து தொலைந்தால் பழைய செஷன்களைத் திறந்து படிக்க முடியாது.

கடைசியாக நேரம். சென்னை, யாழ்ப்பாணம், டொராண்டோ என்று பிரிந்திருக்கும் குரூப்பில் "ராத்திரி எட்டு மணி" என்று எழுதாதீர்கள். டொராண்டோவுக்கும் நமக்கும் கோடையில் ஒன்பதரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் பத்தரை. மார்ச்சிலும் நவம்பரிலும் யாராவது ஒருவர் ஒரு மணி நேரம் முன்னேயோ பின்னேயோ வந்து நிற்பார். டிஸ்கார்டில் ஈவென்ட் போட்டால் அவரவர் ஊர் நேரத்திலேயே தெரியும்.