கிரே கூஸ்: சரக்குக்கு முன்னால் விலை வந்தது

நேற்று அந்தக் குழுவில் நடந்த கூத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். "தரம் இருந்தால் விளம்பரமே தேவையில்லை, கிரே கூஸ் வோட்காவைப் பாருங்கள், நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பாரம்பரியம்" என்று நம் விற்பனை குரு அருளினார். ஒரே ஒரு திருத்தம் போட்டேன். கமெண்ட்டையும் தூக்கினார்கள், என்னையும் தூக்கினார்கள். சரி, இங்கே எழுதிக்கொள்கிறேன்.

பாரம்பரியமாம்! கிரே கூஸ் கடைக்கு வந்ததே 1997-ல். யோசனை பிறந்தது பிரான்சில்கூட இல்லை, நியூயார்க்கில். சிட்னி ஃபிராங்க் என்ற அமெரிக்கர், மது இறக்குமதி வியாபாரி. யேகர்மைஸ்டர் என்ற ஜெர்மன் மூலிகை மதுவை அமெரிக்கக் கல்லூரிப் பையன்களிடம் கொண்டு சேர்த்தவர். அப்போது உசத்தி வோட்கா என்றால் அப்சொலூட். அதைவிடக் கிட்டத்தட்ட இருமடங்கு, பாட்டில் 30 டாலர் என்று வைத்தார். பெயர் முன்பே கையில் இருந்தது. விலையும் முடிவாகிவிட்டது. அப்புறம்தான் சரக்கு.

பிரான்ஸ் எதற்கு? ஒயின், கோன்யாக் என்ற பிராந்தி என்று உசத்தியான குடி எல்லாம் அங்கிருந்துதான் வரும் என்று அமெரிக்கர்கள் ஏற்கெனவே நம்பியிருந்தார்கள். அந்த நம்பிக்கையை இரவல் வாங்கினார். ஒயின் மாதிரி மரப்பெட்டியில் அனுப்பினார். மறுபடியும் சொல்கிறேன், விலைதான் முதலில் வந்தது.

"அப்போ சரக்கு மட்டமா?" என்று வருவீர்கள். நான் அப்படிச் சொன்னேனா? அதை உருவாக்கிய ஃபிரான்சுவா திபோ கோன்யாக் தொழிலில் தேர்ந்தவர். வடக்குப் பிரான்சின் பிகார்டி பகுதிக் கோதுமை, சுண்ணாம்புப் பாறையில் வடிந்த ஊற்றுத் தண்ணீர், எல்லாம் நிஜம். ஆனால் தனித்த சுவையோ மணமோ இல்லாததுதான் வோட்கா என்று 2020 வரை அமெரிக்கச் சட்டமே சொன்னது. அப்படிப்பட்ட பானத்துக்கு 1998-ல் ஒரு சிகாகோ சுவை நிறுவனம் 96 மதிப்பெண் கொடுத்ததும், 'உலகிலேயே சுவையான வோட்கா' என்று விளம்பரமாய்க் கொட்டினார் ஃபிராங்க். விளம்பரமே தேவையில்லையாம்!

"குடிக்காதவனுக்கு என்ன தெரியும்?" என்று ஒருவர். ஐயா, வளைகுடா விமான நிலையம் ஒன்றின் வரியில்லாக் கடையில் வருடக்கணக்கில் நின்றவன் நான். அந்தப் பனிபடிந்த மாதிரியான கண்ணாடிப் பாட்டிலைக் கையில் எடுத்து, உள்ளே வாத்துகள் பறப்பதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். சுவை எப்படி என்று கேட்டவர்கள் அபூர்வம். "இதைவிட விலை கூடினது இருக்கா?" என்பார்கள். முதலாளிக்குக் கொடுக்க வாங்குபவருக்கு விலைச்சீட்டுதான் சரக்கு.

குழுவில் அந்தத் திருத்தத்தைப் போட்டதற்குத்தான் "பாட்டில் அடுக்கினவன் பிராண்டிங் பாடம் எடுக்கிறான்" என்று ஒரு நண்பர் சிரித்தார். நண்பர்தான், என் வீட்டில் சாப்பிட்டவர். ஃபிராங்கும் பாட்டில் விற்றவர்தானே? பணமில்லாமல் பிரவுன் பல்கலைக்கழகப் படிப்பை ஒரே வருடத்தில் விட்டவர். 2004-ல் 200 கோடி டாலருக்கும் மேல் வாங்கிக்கொண்டு கிரே கூஸை பகார்டி என்ற மது நிறுவனத்துக்கு விற்றார். அதே வருடம் அதே பிரவுனுக்கு 10 கோடி டாலர் கொடுத்தார். அவர் செய்தால் மேதைமை, கவுண்டரில் நின்றவன் அதையே விளக்கினால் வயிற்றெரிச்சல். நல்ல நியாயம்.

குருவுக்கு ஒன்று. குழுவில் என்னைத் திரும்பச் சேர்க்க வேண்டாம். அந்த 'நூற்றாண்டு' வரியை மட்டும் எடுத்துவிடுங்கள். பணம் கட்டிப் படிக்கும் பிள்ளைகள் அதைக் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.