புது லப்டொப்பும் கடைக்காரரின் ரேம் கதையும்

பம்பலப்பிட்டியில் அவ்வளவு காசு கொடுத்து வாங்கிய புது லப்டொப், பழையதில் இருந்ததை எல்லாம் கடையிலேயே மாற்றிக் கொடுத்த நாளிலிருந்து உறைந்து உறைந்து நிற்கிறது, ஒரு கடிதம் அடிக்க முடியவில்லை. கேட்டால் "ரேம் கூட்டுங்கோ, சரியாகிடும்" என்கிறார் கடைக்காரர். ரேம் என்பது வேலை ஓடும்போது கணினி தற்காலிகமாகப் பயன்படுத்தும் நினைவகம்; அதை ஏன் கூட்ட வேண்டும்? கணினியில் எதற்கு எவ்வளவு வேலை என்று காட்டும் டாஸ்க் மேனேஜரில் ரேம் பாதிகூட நிரம்பவில்லை, கோப்புகளைச் சேமிக்கும் டிஸ்க்தான் 100% வேலையில் இருப்பதாகக் காட்டுகிறது! இத்தனை படங்களும் கோப்புகளும் மொத்தமாக வந்து இறங்கினால், விண்டோஸ் அவற்றைத் தேடலுக்காக அட்டவணைப்படுத்தும், அதன் வைரஸ் காவலாளியான டிஃபெண்டர் சோதிக்கும், போதாததற்கு இணையச் சேமிப்பான ஒன்டிரைவ் வேறு எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றப் பார்க்கும். ஒன்டிரைவை நிறுத்திவைத்து, சார்ஜரில் போட்டு இரவு முழுக்க ஓடவிட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். சரி, இதை விற்கும்போதே சொல்ல வாயில்லையா? தெரியாத எத்தனை பேர் தேவையில்லாத ரேமுக்குக் காசு கட்டியிருப்பார்களோ!