மணிக்கட்டில் துடித்த கரும்புள்ளி

என் மகள் 29 வாரத்தில் பிறந்தாள். எடை 1,080 கிராம். அவளுடைய மணிக்கட்டு என் சுண்டுவிரல் பருமன்கூட இல்லை. தாய்ப்பாலை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு, மலேசியாவின் பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறிப் பினாங்குத் தீவிலிருந்த மருத்துவமனைக்குப் போய்வந்த நாள்கள் அவை.

ரத்த அழுத்தத்தைக் கண்காணிக்கும் குழாயைத் தொப்புள்கொடி வழியாகச் செருக முடியவில்லை. அதனால் முதல் இரவு கைத்தமனியை, அதாவது இதயத்திலிருந்து கைக்கு ரத்தம் கொண்டுவரும் ரத்தக்குழாயை, தேடினார்கள். இளம் மருத்துவர் மணிக்கட்டின் அடியில் விளக்கு வைத்து, நாடியைத் தடவித் தடவி நான்கு முறை குத்தினார். நான்கும் தவறின. கை நீலம் பாரித்துவிட்டது. அவர்மீது எனக்குக் கோபமில்லை. அவர் கண்களும் கலங்கியிருந்தன.

காலையில் மூத்த மருத்துவர் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கருவியோடு வந்தார். ஜெல் தடவி, சிறிய கருவிமுனையைத் தோலில் பட்டும் படாமலும் வைத்தார். சற்று அழுத்தினாலே தமனி நசுங்கித் திரையில் மறைந்துவிடுமாம். கடுகளவு கரும்புள்ளி ஒன்று துடித்தது. ஊசிமுனை வெள்ளைப் பொட்டாக அதற்குள் இறங்கியது. ஒரே குத்து.

அந்தக் குழாய் இருந்தால் ரத்த அழுத்தம் துடிப்புக்குத் துடிப்பு தெரியும். ஆக்சிஜன் அளவு பார்க்க ஒவ்வொரு முறையும் குத்த வேண்டியதில்லை.  குழாயால் ஆபத்தும் உண்டு: ரத்த ஓட்டம் தடைபட்டால் விரல்கள் வெளுத்துவிடும். தாதி அடிக்கடி வந்து அவள் விரல்களின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

எனக்கு ஆறாதது ஒன்றுதான். அந்த ஸ்கேன் கருவி முதல் இரவும் அங்கேயேதான் இருந்தது. அதைக் கையாளத் தெரிந்தவர்தான் பணியில் இல்லை.

பழகிய விரல்களே போதும் என்று சொல்லும் மருத்துவர்களை மதிக்கிறேன். எத்தனையோ பிள்ளைகளைப் பிழைக்கவைத்த விரல்கள் அவை. ஆனால் ஒரு மில்லிமீட்டரை எட்டாத தமனியை இருட்டில் தேடுவானேன்? குழந்தைகளுக்கு ஸ்கேன் பார்த்துச் செருகினால் முதல் முயற்சியிலேயே வெற்றி கிடைப்பது கூடுகிறது, தோலுக்கடியில் ரத்தம் கட்டுவது குறைகிறது என்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பு 2016இலேயே சொல்லிவிட்டது. இரவுப் பணிக்கு வரும் இளம் மருத்துவருக்கும் இந்தப் பயிற்சி கட்டாயமாக வேண்டும்.

வரும் ஞாயிறு எங்கள் கோயில் கூட்டத்தில், குறைமாதக் குழந்தைகள் பிரிவுக்கு ஒரு கருவி வாங்கித் தருவது பற்றிப் பேச்சு. நானும் பணம் தருவேன். இரவு இரண்டு மணிக்கு அதை யார் இயக்குவார்கள் என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் தருவேன்.