உளியின் ஓசையை ஏன் அணைத்தீர்கள்?

உளி தீட்டுவதைக் கற்றுத்தரும் காணொளி ஒன்றை நேற்றிரவு பார்த்தேன்; ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. கைதேர்ந்த தச்சர் ஒருவர் தீட்டுக்கல்லில் நீரைத் தெளித்து, உளியை 25 பாகைச் சாய்வில் வைத்து, சாய்வு சரியாக இருந்தால் ஓசை ஒரே சீராக வரும், பிசகினால் கரகரக்கும், இப்போது கேளுங்கள் என்று சொல்லிவிட்டு, நாம் கேட்பதற்காகவே பேச்சை நிறுத்துகிறார். நானும் ஹெட்ஃபோனை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். உளி கல்லைத் தொட்ட நொடியில் ‘வூஷ்’ என்றது. அது ஓய்வதற்குள் திரையில் எழுத்து தோன்றியதற்காக ஒரு ‘டிங்’, அந்த எழுத்து மறைந்ததற்காக மீண்டும் ஒரு ‘வூஷ்’, இவற்றுக்கு அடியில் இடைவிடாத தாளம். பின்னோக்கி ஓட்டிக் கேட்டேன், ஒலியைக் கூட்டிக் கேட்டேன். கல்லின் ஓசை அதில் இல்லவே இல்லை. எடிட் செய்தவர் மூல ஒலியின் டிராக்கையே அணைத்திருக்கிறார். உளியை எடுத்த தச்சரோ, கேட்டீர்களா, இதுதான் அந்த ஓசை என்கிறார். பல்லாண்டு உழைப்பில் அவர் காது அறிந்துகொண்டதை நமக்குக் கொடுக்க வந்தார். இடையில் நின்றவர் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டார்.

சவுண்ட் எஃபெக்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஹாலிவுட் ஒலிக் கலைஞர் ஜாக் ஃபோலி திரையைப் பார்த்தபடியே நடந்து, நடிகரின் காலடிக்குத் தன் காலடியைப் பொருத்தி ஒலிப்பதிவு செய்தார். அந்தக் கலைக்கே அவர் பெயர் நிலைத்தது. திரையில் நடப்பதை நம்பவைக்கத்தான் அந்த உழைப்பு. இங்கே நடப்பதோ, உண்மையான ஓசையைக் கொன்றுவிட்டு அதன்மேல் இலவசத் தொகுப்பின் சத்தங்களை அடுக்குவது.

அடுக்குவதையாவது ஒழுங்காகச் செய்கிறார்களா? மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது ஏறத்தாழ 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரை. பெரும்பாலான ‘டிங்’ ஒலிகள் அங்கேயே வந்து குத்துகின்றன. காணொளித் தளங்கள் ஒலியைச் சமப்படுத்தும்போது முழு நீளத்துக்குமான சராசரியைத்தான் கணக்கிடுகின்றன என்பதால், அரை நொடிக் கூச்சல் அதில் சிக்காமல் நேராக நம் செவிப்பறையில் இறங்குகிறது. அந்த ஒரு கிளிப்பைப் பத்துப் பன்னிரண்டு டெசிபல் இறக்கினால் பேச்சு பிழைத்துக்கொள்ளும். எடிட்டிங் மென்பொருளில் ஒலியளவைக் காட்டும் கோட்டைக் கீழே இழுக்கும் வேலைதான், அதற்கும் மனமில்லை.

நேரமும் பொருந்துவதில்லை. இறக்கிக்கொண்ட ஒலிக்கோப்புகள் பலவற்றின் தொடக்கத்தில் சிறிது மௌனம் இருக்கும். அதை வெட்டாமல் கிளிப்பின் விளிம்பைக் காட்சி மாறும் இடத்தில் ஒட்டிவிடுகிறார்கள். நொடிக்கு 25 ஃபிரேம் ஓடும் காணொளியில் ஒரு ஃபிரேம் 40 மில்லி நொடி. நான்கைந்து ஃபிரேம் பிந்தினால் கதவு மூடிய பிறகு கதவுச் சத்தம் வருகிறது. டைம்லைனைச் சற்றுப் பெரிதாக்கி அலைவடிவத்தைப் பார்த்தாலே தெரியும் பிழை இது. கிளிப்பின் முடிவில் ஒலி மெல்லத் தேய்ந்து அடங்கும்படி சிறு ஃபேட்கூட வைக்காமல் வெட்டுவதால் எழும் ‘டக்’ வேறு.

இவற்றையெல்லாம் பழக்கமின்மை என்று பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் பக்கவாதத்தின் அறிகுறிகளை ஒரு மருத்துவர் விளக்கும் காணொளியில், நோயாளியின் வாய் ஒருபக்கம் கோணியிருக்கும் படம் வரும்போது, பரிசு விழுந்ததைப் போல அதே ‘டிங்’ ஒலிக்கிறது. அங்கே அதை வைத்தவர், தாம் செய்ததை ஒருமுறையாவது காதுகொடுத்துக் கேட்டாரா?