‘டேப்’ என்றால் தட்டுவது மட்டும்தானா?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இன்றைக்கு எந்தப் பிள்ளையிடம் கேட்டாலும் ஆங்கில ‘டேப்’புக்குத் ‘தட்டுவது’ என்றுதான் பொருள் சொல்லும். டோலில் கார்டை டேப் பண்ணு, போனில் இங்கே டேப் பண்ணு. சரிதான். ஆனால் பால்மரத்தை, அதாவது ரப்பர் மரத்தை, நம்பி வளர்ந்த இந்த ஊரில் அதன் இன்னொரு பொருள் மறைந்துபோவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. நம் பாட்டிமார் இருட்டிலேயே எழுந்து போய்ச் செய்த ரப்பர் டேப்பிங், அதாவது பால்வெட்டு, தட்டுகிற வேலையா என்ன?

உண்மையில் இவை இரண்டு தனித்தனிச் சொற்கள். தட்டுகிற டேப் பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. மற்றது பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொல். பீப்பாயின் துளையை அடைக்கும் முளைக்குத்தான் முதலில் அந்தப் பெயர். அப்புறம் அந்தத் துளை வழியாக உள்ளிருப்பதை வடிப்பதற்கும் அதுவே வினைச்சொல் ஆனது. தண்ணீர்க் குழாய்க்கு டேப் என்று பெயர் வந்ததும், போன் பேச்சை ஒட்டுக்கேட்பதை டேப்பிங் என்பதும், கள் இறக்குவதை அப்படிச் சொல்வதும் இந்த வழியில்தான். ஆணிவேர் ஆங்கிலத்தில் ‘டேப்ரூட்’; முளைபோலக் கூம்பி இறங்குவதால் அந்தப் பெயர். நாமும் ஆணி என்றுதானே வைத்தோம்! பீப்பாயிலிருந்து மது வடித்துக் கொடுப்பவரைச் சொல்லும் ‘டேப்ஸ்டர்’ முதலில் பெண்ணைக் குறித்த சொல். எத்தனையோ பெண்கள் நிரை (தங்களுக்கு ஒதுக்கிய மரவரிசை) பிடித்துப் பால் வெட்டிய தோட்டங்களை நினைத்தால், அது எனக்குப் பிடித்த செய்தி.

வடிப்பது என்ற பொருள் எவ்வளவு சரியானது என்று மரத்தடியில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். வெட்டு என்கிறோமே தவிர, பட்டையில் ஏறக்குறைய 1.5 மில்லிமீட்டர் மட்டும் சீவி எடுப்பார்கள். கோடு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் சரியும்; பால்குழாய்கள் பட்டைக்குள் சாய்வாக ஓடுவதால், அப்படிச் சீவினால்தான் நிறைய குழாய்கள் திறக்கும். உளி ஆழம் போய் உள்தோலைத் தொட்டால் மரம் காயப்பட்டு முடிச்சு விழும், புதுப்பட்டை சீராக வளராது. விடியலில் மரத்துக்குள் அழுத்தம் அதிகம், மரத்தில் கட்டிய கிண்ணமான மங்கில் பால் நன்றாக இறங்கும். வெயில் ஏறினால் ஒழுக்கு குறைந்துவிடும்.

பழைய கோட்டிலேயே மெல்லச் சீவும் இந்த முறையைச் சோதித்து நிலைநாட்டியவர் ஹென்றி ரிட்லி. 1888இல் சிங்கப்பூர் தாவரத் தோட்டப் பொறுப்புக்கு வந்தவர். பக்கத்துக் கோலகங்சாரில் 1877இல் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று மரமாக இன்னும் நிற்கிறது. அந்த மரத்தடிக்குக் கூட்டிப்போய் இந்தச் சொல்லைச் சொல்லிக் கொடுத்தால் எந்தப் பிள்ளை மறக்கும்?

டீச்சர்மாரே, டியூஷன் நடத்தும் தம்பி தங்கைகளே, ‘டேப்’ வரும் பாடத்தன்று பால் வெட்டிய ஒரு பாட்டியை வகுப்புக்கு அழையுங்கள். வீட்டில் பழைய உளியும் மங்கும் வைத்திருப்பவர்கள் அவற்றைப் பள்ளிக்குக் கொடுங்கள். உளியின் முனையை மழுக்கிவிட்டுக் கொடுத்தால், பிள்ளைகளும் பயமில்லாமல் பிடித்துப் பார்ப்பார்கள்.